ஜூன் மாத மடல், நான்காம் வரைவு

அன்புள்ள தொகுதி மக்களுக்கு,
என்று எழுதி இருபது நிமிடம் ஆகிறது.
ஜன்னலுக்கு வெளியே டோங்காட்டின் மேல்
கரும்புத் தீயின் கருஞ்சாம்பல் இறங்குகிறது.
எதிர்வீட்டில் யாரோ ஓடிவந்து கொடித்துணியை வாருகிறார்கள்.
துவைக்கத் தண்ணீர் எங்கே கிடைத்தது அவர்களுக்கு?

போன மாதம் மாரிட்ஸ்பர்க்கில்
வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை தூக்கினேன்.
இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.
மேட்டுத்தெருக் குழாய்க்கான மானியம்
அடுத்த ஆண்டுக் கட்டத்துக்கு நகர்ந்திருந்தது.
பார்த்தேன்.
பார்த்த பிறகுதான் தூக்கினேன்.
மருத்துவமனைப் பணமும் அதே கட்டில் இருந்தது,
ஒன்றை உருவி ஒன்றை விட வழியில்லை.
மடலில் இதைச் சொன்னால் சாக்கு,
சொல்லாவிட்டால் பொய்.
சொல்லியிருக்கிறேன், மூன்றாம் பத்தியில்.

குழாய் நகராட்சியின் வேலை,
மானியம் மாகாணத்தின் வேலை,
தாகம் எந்த இலாகா?
இப்படிக் கேட்டு எழுதியிருந்தார் பூபாலன் செட்டி.
அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.

பக்கத்து மேசையில் தாண்டேகா
ஸூலுப் பத்தியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
"விரைவில் சரிசெய்யப்படும்" வந்ததும் விரல் நின்றது.
"மடுஸானே, மடுஸானே.
மார்ச்சில் அடித்தேன். நவம்பரிலும் அடித்தேன்.
ஹம்பநாதியில் என் அத்தை
உங்களைக் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்கிறாள்."

விரைவில் என்பதை அடித்தேன்.
சரிசெய்யப்படும் தனியே நின்றது,
பொக்கைவாய் போல.
யாரால்?
பெயர் தெரியவில்லை. அதையும் அடித்தேன்.
அந்தப் பத்தியில் இப்போது இருப்பவை
குழாயின் விட்டம், உடைந்த தேதி.

இனி உறுதியானவை.
தண்ணீர் லாரி செவ்வாயும் வெள்ளியும், காலை ஐந்தரை.
சர்க்கரை மாத்திரை வியாழக்கிழமை கிளினிக்கில்;
பழைய சீட்டு இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள்,
அனுப்பினால் அங்கிருந்தே என்னைக் கூப்பிடுங்கள்.
கல்லூரி உதவித்தொகைப் படிவம் முப்பதாம் தேதியோடு சரி.
வீட்டுப் பத்திரம் நாற்பத்தொன்று வந்திருக்கிறது,
என் அலுவலக இரும்புப் பெட்டியில் கிடக்கிறது.
அதில் ஒன்பது, இறந்துபோனவர்கள் பெயரில்.
வாரிசுகள் வரவும்,
சண்டையை வாசலில் விட்டுவிட்டு.

லோகாம்பாள் மூட்லி மூன்று கடிதம் போட்டிருந்தார்,
மூன்றிலும் ஒரே செய்தி:
குழாய் வரும்போது வரட்டும்.
லாரியைக் கீழே பஸ் நிறுத்தத்தில் நிறுத்தாதே,
மேலே மாரியம்மன் கோயில் கேட்டில் நிறுத்து.
என் இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள்,
இருபது லிட்டர் கேனோடு அது மேடு ஏறாது.

இதற்குச் சட்டம் வேண்டாம், தீர்மானம் வேண்டாம்.
லாரி ஓட்டும் ம்தெம்புவுக்குப் போன் போட்டேன்.
"மேலே திருப்ப இடம் எங்கே?
ஒரு செத்த கார் நிற்கிறது" என்றார்.
ரெகி நாயக்கரின் மாஸ்டா,
பத்தொன்பது மாதமாக அசையாதது.
சக்கரத்தைச் சுற்றிப் பூசணிக்கொடி,
இரண்டு காயும் இருந்தது.

நேற்று ஐந்து பேர் சேர்ந்து தள்ளினோம்.
ரெகி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து
காய் பத்திரம், காய் பத்திரம் என்று கத்தினார்.
என் செருப்பு அறுந்தது.
பதினோரு ஆண்டு உறுப்பினர் நான்.
அவைக்குறிப்பில் என் பேச்சு எவ்வளவோ பக்கம்.
கண்ணெதிரே நகர்ந்தது என்றால்
ஒரு மாஸ்டா, அறுபது மீட்டர்.

நான்காம் வரைவின் முதல் வரி:
செவ்வாய் முதல் லாரி மேலே நிற்கும்.
தாண்டேகா நிற்காமல் அடித்து முடித்தாள்.

கையெழுத்துப் போடும்போது
தாளில் ஒரு சாம்பல் துணுக்கு.
ஊதியிருக்கலாம். விரலால் தட்டினேன்,
என் பெயருக்குக் குறுக்கே கோடாகிவிட்டது.
மறுபடி அச்சடிக்க மை இல்லை.
அப்படியே போகட்டும்.

பின்குறிப்பு:
பழைய பாட்டரி யாரிடமாவது இருந்தால்
ரெகி நாயக்கரிடம் சொல்லவும்.
பதிலுக்குப் பூசணிக்காய் தருவாராம்.